மூன்று நாள் கெடு

எச்.ஐ.வி. உடலைத் தொட்ட அந்த நிமிடமே ஆளைப் பிடித்துவிடுவதில்லை. உடலுறவின்போது விந்து, யோனித் திரவம், இரத்தம் ஆகியவற்றோடு வரும் வைரஸ் முதலில் பிறப்புறுப்பின் அல்லது ஆசனவாயின் ஈரச் சவ்வில் ஒட்டுகிறது. அந்தச் சவ்வில் காவலுக்கு நிற்கும் எதிர்ப்புச் செல்கள், வந்த அந்நியனைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் ஒப்படைக்கப் பார்க்கின்றன. வைரஸ் தேடுகிற சி.டி.4 செல்கள் கூட்டமாக இருப்பது அந்தக் கணுக்களில்தான். காவல்காரனே கள்ளனை வீட்டுக்குள் கூட்டிப்போவது போன்ற கதை இது. அங்கே பெருகி, இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் பரவுவதற்கு வைரஸுக்குச் சில நாட்கள் வேண்டும். பரவிய பின் அது சில செல்களின் மரபணுவுக்குள்ளேயே தன்னை எழுதிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பதுங்கிவிடும். இன்றுள்ள மருந்துகள் அதை அடக்கும், அங்கிருந்து அழிக்காது.

ஒட்டுவதற்கும் பரவுவதற்கும் இடையிலுள்ள இந்தச் சிறிய இடைவெளியில் மருந்து கொடுத்தால் தொற்றையே தடுத்துவிடலாம். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வெளி எல்லை 72 மணி நேரம். மருந்து முறையின் பெயர் சுருக்கமாக ‘பெப்’. ஆபத்து நேர்ந்த பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து.

72 என்ற கணக்குக்குப் பின்னால் குரங்குகள் இருக்கின்றன. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எச்.ஐ.வி.யின் உறவினமான குரங்கு வைரஸை மக்காக் குரங்குகளுக்கு ஊசி மூலம் ஏற்றி, பிறகு டெனோஃபோவிர் என்ற மருந்தை வெவ்வேறு நேரத்தில் தொடங்கி, வெவ்வேறு காலத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுத்த குரங்குகள் எல்லாம் தப்பின. 48 அல்லது 72 மணி நேரம் கழித்துத் தொடங்கியவற்றில் பாதிதான் தப்பின. சீக்கிரமே தொடங்கினாலும் மூன்று நாளில் நிறுத்தப்பட்டவற்றில் ஒன்றும் தப்பவில்லை. சீக்கிரம் தொடங்க வேண்டும், 28 நாளும் விடாமல் எடுக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளும் இப்படி வந்தவை. அதற்கு முந்தின ஆண்டு, ஊசி குத்திய மருத்துவமனை ஊழியர்களிடம் செய்த ஓர் ஒப்பீட்டில், சிடோவுடின் என்ற ஒரே பழைய மருந்தை எடுத்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. மனிதர்களிடம் மருந்து கொடுக்காமல் சோதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது என்பதால், இதைவிட நேரடியான ஆதாரம் இனி வரப்போவதும் இல்லை. 72 மணி என்பது ஆறுதலாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் போவதற்கான தவணை அல்ல. முதல் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றல்ல என்பதைத்தான் அந்தக் குரங்குகள் காட்டின.

இனி, ஆபத்து உண்மையில் எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பயம் ஒரு பதிலைச் சொல்லும், கணக்கு வேறொன்றைச் சொல்லும். துணைக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் மருந்து எடுக்காமலும் ஆணுறை இல்லாமலும் நடக்கும் ஒரு தடவை உறவை எடுத்துக்கொண்டால், யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்குச் சுமார் 8. ஆணுக்குச் சுமார் 4. ஆசனவாய்வழி உறவில் உள்வாங்குபவருக்கு 138; மற்றவருக்கு 11. அந்த வழியின் சவ்வு மெல்லியது, எளிதில் கிழியும், சி.டி.4 செல்களும் அங்கே அதிகம். வாய்வழி உறவில் ஆபத்து கணக்கிட முடியாத அளவுக்குக் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க: கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டால் 10,000க்கு 9,000க்கும் மேல்.

இந்த எண்கள் துணைக்கு எச்.ஐ.வி. இருப்பது உறுதியான நிலைக்கு உரியவை. துணையின் நிலை தெரியாதபோது இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். இலங்கையில் 1986இல் ஒரு வெளிநாட்டவரிடமும், அடுத்த ஆண்டு முதல் இலங்கையரிடமும் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. இன்றும் நாட்டின் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால், நிலை தெரியாத ஒருவருடன் ஒரு தடவை யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றைவிடக் குறைவாகவே வரும். ஒரு தவறுக்காக மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவர்கள் இந்த எண்ணை அறிந்திருப்பது நல்லது. ஆனால் சராசரி எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடும். ஆண்களுடன் உறவுள்ள ஆண்கள், பாலியல் தொழிலில் உள்ளவர்கள் போன்ற சிலரிடையே தொற்று சராசரியைவிட அதிகம். புதிதாகக் கண்டறியப்படுவோர் எண்ணிக்கையும் அண்மைய ஆண்டுகளில் ஏறுமுகமாக உள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

எண்ணை ஏற்றி இறக்கும் காரணங்கள் இன்னும் உண்டு. புதிதாகத் தொற்றிய சில வாரங்களில் ஒருவரின் இரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அப்போது அவரிடமிருந்து பரவும் வாய்ப்பு பல மடங்காகும். பரிசோதனைகூட அந்த வாரங்களில் சில சமயம் ஏமாற்றும். சிபிலிஸ், ஹெர்பிஸ் போன்றவற்றால் புண் இருந்தால் இரு பக்கமும் ஆபத்து கூடும். மாதவிடாய்க் காலம், காயம் உண்டாக்கும் வன்முறை உறவு இவையும் அப்படியே. ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு தடவையும் அணிந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. விந்து வெளியே விடுவது ஓரளவுக்கு மேல் பாதுகாப்புத் தராது. விந்துக்கு முன்பே வரும் கசிவிலும் வைரஸ் இருக்கலாம்.

எதனால் தொற்றாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையே பலரோடு பொருளைப் பங்கிடும் வாழ்க்கை. ஒரு லயத்தில் (வரிசை வீடுகளில்) பத்துக் குடும்பங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. கக்கூஸும் பல இடங்களில் பொது. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை உறங்குகிறது. குழாய், கக்கூஸ், போர்வை, தேநீர்க் குவளை, முத்தம், இருமல், நுளம்பு எதுவும் எச்.ஐ.வி.யைக் கடத்தாது. கொழுந்து பறிப்பவர்களின் காலில் தினமும் ஏறும் அட்டையைப் பற்றியும் சந்தேகம் எழுவதுண்டு. அட்டை வயிறு நிறைய ஒரு தடவை குடித்தால் வாரக்கணக்கில் அடுத்த ஆளைத் தேடாது. அட்டைக் கடியால் எச்.ஐ.வி. வந்ததாக எந்தப் பதிவும் இல்லை.

ஆணுறை கிழிந்தது, அல்லது ஆணுறையே இல்லை, அல்லது கட்டாயப்படுத்தப்பட்ட உறவு. அடுத்து என்ன? வெளிப்புறத்தைச் சாதாரணமாகத் தண்ணீரில் கழுவலாம். உள்ளே தண்ணீர் பீச்சுவதோ, சவர்க்காரம், டெட்டோல் போன்றவற்றைப் போடுவதோ கூடாது; அவை சவ்வைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழியைத் திறந்துவிடும். பிறகு செய்ய வேண்டியது பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போவது. இலங்கையின் அரச பாலியல் நோய்க் கிளினிக்குகளை நடத்துவது தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் அத்தகைய கிளினிக் உண்டு. கண்டி, பதுளை, இரத்தினபுரி, கொழும்பிலும் உண்டு. வேறு வைத்தியரிடமிருந்து கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். சேவை இலவசம், பேசுவது இரகசியம்.

காகிதத்தில் இது எளிது. தோட்டத்தில் உள்ளவருக்கு அப்படியில்லை. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ நுவரெலியாவுக்கு, ஹட்டனில் பஸ் மாறி, பாதி நாள் போய்விடும். அந்த நாள் ‘பேர்’ (வேலைக்கு வந்த பதிவு) விழாது, கூலி போகும். காரணம் கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்றால், அங்கே மருந்து கட்டுபவர் முதல் வரிசையில் நிற்பவர்கள் வரை எல்லாரும் தெரிந்த முகங்கள். டவுனில் உள்ள வைத்தியருக்குச் சிங்களம்தான் வரும் என்றால், மொழி தெரிந்த மச்சானையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிப்போக வேண்டும். அந்தக் கணத்திலேயே இரகசியம் போய்விடும். உடலுறவு பற்றிப் பேச வெட்கம் என்பதாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள், மலையின் சரிவையும் மொழியையும் கணக்கில் எடுக்காதவர்கள்.

கெடுவைத் தின்னும் இன்னொன்று விடுமுறை. இந்தக் கிளினிக்குகள் பெரும்பாலும் வார நாட்களில், பகலில்தான் இயங்கும். வெள்ளி இரவு பத்து மணிக்கு நடந்த ஒன்றுக்குத் திங்கள் காலை எட்டு மணிக்குக் கிளினிக் திறக்கும்போது 58 மணி நேரம் போயிருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது. வியாழன் இரவு நடந்ததை வெள்ளி முழுவதும் யோசித்துக் கழித்தவருக்கு, ஞாயிறு இரவோடு கெடு முடிந்துவிடும். திங்களில் போயா விடுமுறை விழுந்தால், அல்லது சித்திரைப் புத்தாண்டின் நீண்ட விடுமுறை குறுக்கே வந்தால், வெள்ளி இரவின் கணக்கும் தவறிவிடும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு ஊரெல்லாம் வெளியூர்க்காரர்கள் நிரம்பும் நாட்களும், கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் லீவில் வீடு திரும்பும் நாட்களும் இதே விடுமுறைகள்தான். இப்படிப்பட்ட நேரத்தில் திங்கள் வரை காத்திருக்கக் கூடாது. பெரிய அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டும், இத்தனை மணிக்கு நடந்தது என்று நேரத்தைச் சொல்லிக் கேட்பதே வழி. ஊசி குத்திய ஊழியர்களுக்காக அதே மருந்தை வைத்தியசாலைகள் பயன்படுத்துவதால், அங்கே மருத்துவர்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல.

பாமசியில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. கர்ப்பம் தரிக்காமல் இருக்க உறவுக்குப் பின் போடும் ‘போஸ்டினோர்’ மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே எண் இரண்டு மருந்துக்கும் இருப்பதால், அந்த மாத்திரையை வாங்கி விழுங்கியவர் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. அது கருவை மட்டும் தடுக்கும், எச்.ஐ.வி.யையோ மற்ற பாலியல் நோய்களையோ தொடாது. இரண்டும் தேவைப்படும் பெண் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

கிளினிக்கில் முதலில் விரைவுப் பரிசோதனை செய்வார்கள். அது இந்த உறவால் தொற்றியதா என்று சொல்லாது, ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்ததா என்று மட்டும் சொல்லும். ஏற்கெனவே இருந்தால் பெப் பயன்படாது, முழுச் சிகிச்சை தேவை. சிறுநீரகம், ஹெப்படைட்டிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கும் இரத்தம் எடுப்பார்கள். துணையைக் கூட்டிவந்து அவரைப் பரிசோதித்த பிறகே மருந்து என்று காத்திருப்பதில்லை, துணைக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பின்னால் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். வன்புணர்வுக்கு ஆளானவருக்கும் இதுவே விதி. பொலிஸ் முறைப்பாடு, சட்ட வைத்தியரின் பரிசோதனை எல்லாம் தத்தம் வேகத்தில் நடக்கட்டும். முதல் மாத்திரை அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இன்று உலக சுகாதார நிறுவனம் முன்வைக்கும் மருந்துச் சேர்க்கை டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். பல நாடுகளில் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையாகக் கிடைக்கும். தினமும் ஒன்று, 28 நாள். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். அதனால் சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடுக்கலாம். டொலுடெக்ராவிர் இரும்பு, கல்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகள் ஆகியவற்றோடு வயிற்றில் ஒட்டிக்கொண்டு உடலில் சேராமல் போய்விடும். தோட்டப் பெண்களுக்கு இரத்தச்சோகைக்காக இரும்பு மாத்திரை கொடுப்பது சாதாரணம் என்பதால் இது இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டியது: எச்.ஐ.வி. மாத்திரையை இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முந்தியோ, ஆறு மணி நேரம் பிந்தியோ எடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிரின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவருக்கு அதன் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் 28ஆம் நாள் திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீக்கம் திரும்பலாம், ஏனெனில் இந்த மருந்துகளில் இரண்டு அந்த வைரஸையும் அடக்குபவை. ஆகவே என்னென்ன மாத்திரை எடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்வது, என்ன உறவு என்பதை ஒளிக்காமல் சொல்வதற்குச் சமமாக முக்கியம்.

28 நாள் முடிந்த பின் காத்திருப்பு தொடங்குகிறது. காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, கழுத்தில் கட்டி இவை தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்கு வரும். பனி கொட்டும் மலையில் இருமலும் காய்ச்சலும் வராத வீடு எது? அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு செய்ய முடியாது. பரிசோதனைதான் முடிவு சொல்லும். நான்காம் தலைமுறைப் பரிசோதனை வைரஸின் புரதத்தையும் உடலின் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும். அதில் ஆபத்து நேர்ந்து 45 நாள் கழித்து எதிர்மறையாக வந்தால் ஏறக்குறைய உறுதி. எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் வேண்டும். பெப் எடுத்தவர்களுக்கு மருந்து வைரஸைச் சற்றுத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், ஆறு வாரத்தில் ஒன்றும், மூன்று மாதத்தில் ஒன்றுமாகப் பார்ப்பது நல்லது. கடைசிப் பரிசோதனை வரை ஆணுறை போட வேண்டும். இரத்தம் தானம் செய்யக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் எதிர்மறை என்றால் அந்தக் கதை முடிந்தது. ஐந்தாவது, ஆறாவது தடவை பரிசோதிக்கத் துடிப்பவருக்கு உதவி தேவைப்படுவது மனக் கவலைக்குத்தான்.

நேர்மறை என்று வந்தால்? அதற்கும் மருந்து உண்டு, அந்த மருந்து துணையையும் காக்கும். இதை நிறுவியதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் மதராஸில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில். சுனிதி சாலமன் 1993இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், பிற்காலத்தில் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் பங்கேற்றது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத அந்தத் தம்பதிகளில், நோயாளிக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கியபோது துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011இல் முடிவு வந்தது. 2019இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து, மருந்தால் அவர் இரத்தத்தில் வைரஸ் காணமுடியாத அளவுக்கு இறங்கிய ஆண்–ஆண் இணைகள், ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 தடவை உறவு கொண்டும் ஒரு தொற்றுகூட அந்தத் துணையிடமிருந்து வரவில்லை. ஒழுங்காக மருந்து எடுத்து வைரஸை அடக்கி வைத்திருக்கும் ஒருவர், எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் உலவும் ஒருவரைவிட எவ்வளவோ பாதுகாப்பான துணை. அவருடன் உறவு கொண்டதற்காக யாரும் பெப் தேடி ஓடவேண்டிய அவசியமும் இல்லை.

ஆபத்து அடிக்கடி நேரும் வாழ்க்கை உள்ளவர்களுக்கு, ஒவ்வொரு தடவையும் 72 மணி கெடுவுக்குப் பின்னால் ஓடுவதைவிட முன்கூட்டியே எடுக்கும் ‘பிரெப்’ மாத்திரை பொருத்தம். இலங்கையிலும் சில கிளினிக்குகளில் அது கொடுக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் லெனகபாவிர் ஊசியைத் தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இளம் பெண்களிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது; ஊசி போட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. மலைக் கிளினிக்குக்கு மாதந்தோறும் பஸ் ஏற முடியாதவருக்கு இப்படியொரு ஊசி எவ்வளவு பொருந்தும் என்பது தெளிவு. விலையும் விநியோகமும் எப்படி அமையும் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

இலங்கை தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை செய்வதால் வந்த வெற்றி அது. தோட்டத்து மருத்துவ மாது லயத்துக்கே வந்து பெயர் பதிந்து கூட்டிப்போவது வரை அதில் அடக்கம். இதனால் மலைநாட்டில் கலியாணமாகி அண்மைய ஆண்டுகளில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தன் நிலை குறைந்தது ஒரு தடவையாவது தெரிந்திருக்கும். அவள் புருஷனுக்கு அப்படியொரு நாள் வாழ்க்கையில் வருவதில்லை. வளைகுடா நாட்டு விசாவுக்காக இரத்தம் கொடுத்திருந்தால்தான் அவன் பரிசோதிக்கப்பட்டிருப்பான், அதுவும் விசா கிடைக்குமா என்ற பயத்தோடு. பரிசோதனை தேவைப்படும் ஆண் நுவரெலியாக் கிளினிக்குக்குத் தானாகத்தான் போக வேண்டும். கர்ப்பிணிக் கிளினிக்குக்கு மனைவியோடு போகும் நாளில் தனக்கும் பரிசோதனை செய்ய வழி உண்டா என்று கேட்பது அவனுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வாய்ப்பு.